எட்டாம் பாகத்தில் ஒன்றும் நடக்கவில்லை

பாறைத் தூளுக்கு ஒரு வாசம் உண்டு. பூமிக்கு அடியில் பல நூறு அடி ஆழத்தில் வெளிச்சமே காணாமல் கிடந்த கல்லை இரும்பால் இடித்து நொறுக்கி, காற்றின் வேகத்தில் மேலே ஊதித் தள்ளும்போது வருகிற சாம்பல் நிற மாவு அது. நனைந்தால் அணைத்த அடுப்பின் மணம் அடிக்கும், காய்ந்தால் பழைய சுண்ணாம்புச் சுவரின் மணம் அடிக்கும். ஆனி மாதத்தில் அப்பாவின் கான்வாஸ் பையை அம்மா திறக்கும்போது வீடு முழுக்க அந்த வாசம் பரவிவிடும், எத்தனை தண்ணீரில் அலசினாலும் சட்டை மடிப்பை விட்டுப் போகாது. அந்த வாசம் வந்தால் அப்பா வந்துவிட்டார் என்று அர்த்தம். அது இல்லாத மாதங்களில் எங்கள் வீட்டில் பயம்தான் குடியிருந்தது.

எங்கள் ஊர் திருச்செங்கோட்டுப் பக்கம். அங்கே ஆண்கள் பாதிப் பேருக்கு மேல் ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் ரிக் வண்டியோடு போகிறவர்கள். ஆயுத பூஜை முடிந்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக்கொண்டு வடக்கே கிளம்பினால், அந்தப் பக்கங்களில் மழை பிடிக்கிற ஆனி மாதம்தான் ஊர் திரும்புவார்கள். இடையில் மாதக்கணக்கில் அவர்கள் எந்த ஊரில், எந்தக் காட்டில் இருக்கிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மளிகைக் கடைக்குப் போன் வரும். கடைக்காரர் பையனை அனுப்பிக் கூப்பிடுவார், அம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஓடுவார், பின்னாலேயே நானும் ஓடுவேன்.

அந்தப் போன் பேச்சை இன்று நினைத்தாலும் எனக்குச் சிரிப்பாகவும் இருக்கிறது, நெஞ்சை என்னவோ செய்யவும் செய்கிறது. "சாப்டீங்களா?" "மழை கிழை பேஞ்சுதுங்களா?" "இங்க ஒண்ணும் விசேசமில்லீங்க. அங்க?" அந்தப் பக்கமிருந்தும் அதே பதில் வரும். ஒன்றும் விசேஷமில்லை. இதைக் கேட்கத்தான் அவ்வளவு ஓட்டம். ரிக்காரர் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், மாடு செத்தாலும், அங்கே யாருக்காவது விரல் நசுங்கினாலும் போனில் சொல்ல மாட்டார்கள், கேட்கவும் மாட்டார்கள். எப்போது வருவீர்கள் என்று கேட்பதே அபசகுனம். ஒன்றும் நடக்காத வாரம் எங்களுக்கு நல்ல வாரம், அதைத் தாண்டி எந்த நற்செய்தியும் அந்த வயதில் எனக்குத் தெரியாது.

இந்த நிலைமையில்தான் ஆழியூர்க் கதைகள் எங்கள் வீட்டுக்குள் வந்தன. பக்கத்து வீட்டுச் செந்தில் மாமா அப்பாவின் வண்டியிலேயே வேலை செய்தவர். அவருக்கு ராசிபுரத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த ராசாமணி அக்கா, சீர்ப் பாத்திரங்களோடு ஒரு தையல் மிஷினையும் ஆழியூர் வரிசையின் முதல் நான்கு பாகங்களையும் கொண்டுவந்து இறக்கினார். மாமியாருக்குத் தையல் மிஷின் பிடித்தது. எனக்கு மற்றது.

ஆழியூர் என்பது பூமிக்கு அடியில் இருக்கும் நகரம். அதன் காவல்காரர்களுக்குச் 'செவியர்' என்று பெயர். அவர்களுக்குக் கண் கிடையாது, உடம்பெல்லாம் காது. யுகயுகமாகப் பாறைக்குள் படுத்துத் தூங்குகிறவர்கள், மேலே யாராவது பூமியைத் தட்டினால் விழித்துக்கொள்வார்கள், தட்டுகிற சத்தத்தைப் பிடித்துக்கொண்டே மேலே ஏறி வருவார்கள். கதாநாயகன் இளவேலன் ஒரு சிறுவன். அவன் அப்பா கொற்றன் என்ன வேலை செய்தார் என்று நினைக்கிறீர்கள்? கிணறு வெட்டுகிறவர்.

மற்ற ஊர்ப் பிள்ளைகள் இதைப் படித்துவிட்டு இரண்டு நாள் போர்வைக்குள் சுருண்டு படுத்திருப்பார்கள், பிறகு மறந்திருப்பார்கள். என் நிலையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கொற்றனாவது கடப்பாறையால் தட்டினார். என் அப்பா லாரி நிறைய இரும்பை ஏற்றிக்கொண்டு போய், ஊரே அதிரும்படி இடித்துக்கொண்டிருந்தார், அதுவும் தினமும், ஊர் ஊராக. செவியர் விழிக்காமல் என்ன செய்வார்கள்? நான் மத்தியானங்களில் சமையலறைத் தரையில் காதை வைத்துக் கேட்பேன். அடியில் 'டக் டக்' என்று சீராக ஒரு துடிப்பு வரும். அது அடுத்த தெருத் தறிக்கூடத்தின் அதிர்வு என்று இப்போது தெரிகிறது. அப்போது எனக்கு அது செவியர் மேலே ஏறி வருகிற சத்தம். அம்மா வந்து, "வெறுந் தரையில படுக்காத சாமி, சளி புடிக்கும்" என்பார். சளிதான் அப்போது எனக்குப் பெரிய கவலை!

இவ்வளவு பயந்தவள் படிக்காமல் இருந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். படிக்காவிட்டால் என்ன நடக்கிறதென்று தெரியாதே, அது இன்னும் பயம். அதனால் படித்தேன். படிக்கப் படிக்க ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தேன், அதாவது கண்டுபிடித்ததாக நம்பினேன். மூன்றாம் பாகம் அற்புதமான பாகம், செவியர் ஒரு கிராமத்தையே விழுங்கும் பாகம். அதை நான் படித்த மாதத்தில்தான் அப்பாவின் வண்டியில் இரும்புக் குழாய் சரிந்து சமையல்காரர் காலில் விழுந்தது என்று ஆனியில் ஊர் வந்த ஆட்கள் சொன்னார்கள். ஐந்தாம் பாகம் ஒரே இழுவை. அரண்மனைக் கல்யாணம், விருந்து, யார் யார் என்ன நகை போட்டிருந்தார்கள் என்று பக்கம் பக்கமாக ஓடும். அந்த மாதம் ஒரு ஞாயிறுகூடப் போன் தவறவில்லை. ஆறாம் பாகம் மறுபடியும் பிரமாதம், வண்டி எங்கோ ஆற்று மணலில் புதைந்து ஆட்கள் பட்டினி கிடந்தார்களாம். ஆகவே எனக்குக் கணக்குத் தெளிவாகிவிட்டது. நல்ல பாகம் வந்தால் அங்கே ஏதோ நடக்கும். மட்டமான பாகம் வந்தால் அப்பா பத்திரம்.

இப்படியாக, ஒரு கதை வரிசை சீக்கிரம் கெட்டுப்போக வேண்டும் என்று கூட்டப்பள்ளிப் பிள்ளையாரிடம் வேண்டிக்கொண்ட ஒரே வாசகி நானாகத்தான் இருப்பேன்.

ஐந்தாம் பாகத்திலிருந்து அக்கா புத்தகங்களைத் திருச்செங்கோட்டு வாடகை நூல் நிலையத்தில் எடுத்துவந்தார். முதலில் அவர் படிப்பார், பிறகு நான். ஏழாம் பாகத்தை முடித்துவிட்டு அவர் கண்கள் மின்ன, "இதுதான் சாமி இருக்கறதுலயே அருமையான பாகம்" என்று நீட்டியபோது நான் கோவென்று அழுதுவிட்டேன். அவர் பதறிப்போய் என்னை இடுக்கிக்கொண்டு, என்னவென்று கேட்டுக் கேட்டு, என் கணக்கு முழுவதையும் வாங்கிவிட்டார். சிரிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. "இத உங்கம்மாகிட்டச் சொல்லாத" என்று மட்டும் சொன்னார். ஏழாம் பாகத்தின் முடிவில் கொற்றன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு ஆழியூர்க் கிணற்றுக்குள் இறங்கத் தொடங்குவார், அதோடு 'தொடரும்'.

அந்த வருடம் வைகாசிக் கடைசியில் போன் நின்றுபோனது. ஒரு ஞாயிறு வரவில்லை, சரி, பாயிண்ட் மாறியிருப்பார்கள் என்றார் அம்மா. பாயிண்ட் என்றால் குழாய் இறக்கும் இடம். அடுத்த ஞாயிறும் வரவில்லை. அதற்கடுத்த வாரம், வடக்கே மலைப்பாதையில் தமிழ்நாட்டு ரிக் வண்டி ஒன்று கவிழ்ந்ததாகப் பேப்பரில் நான்கு வரி வந்தது. வண்டி எண் இல்லை, பெயர் இல்லை. கடைக்காரர் அந்தப் பக்கத்தைக் கிழித்துப் பொட்டலம் மடித்துவிட்டார், ஆனால் அதற்குள் தெரு முழுக்கப் படித்தாயிற்று. பெண்கள் குழாயடியில் பேசிக்கொண்டிருப்பார்கள், நான் போனால் நிறுத்திவிடுவார்கள். அம்மா காலையில் கடுகு வாங்கப் போவார், ஒரு மணி நேரம் கழித்து உப்பு வாங்கப் போவார், மத்தியானம் மறுபடி கடுகு. போனுக்குப் பக்கத்தில் நிற்க ஒரு காரணம் வேண்டுமல்லவா? எங்கள் அலமாரியில் கடுகு டப்பாவுக்கு மேல் கடுகுப் பொட்டலமாகச் சேர்ந்தது.

ராசாமணி அக்காவுக்கு அப்போது நிறைமாதம். வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவர், போன் வருகிற கடை இங்கேதானே இருக்கிறது என்று போக மறுத்துவிட்டார். ராசிபுரத்திலிருந்து அவருடைய அம்மா வந்து கெஞ்சிப் பார்த்துவிட்டு, திட்டிக்கொண்டே போனார்.

சரியாக அந்த வாரத்தில் எட்டாம் பாகம் வந்தது.

நூல் நிலையத்துக்காரர் வழக்கமான வாசகர் என்று அக்காவுக்கென்றே எடுத்துவைத்து, எங்கள் தெருவுக்கு வந்த டவுன் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பியிருந்தார். அட்டையில் இருண்ட கிணறு, அதற்குள் தொங்கும் கயிறு. அக்கா அதை வாங்கிப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு, "நான் படிச்சுப் பாத்துட்டு வாரேன், நீ இங்கயே இரு" என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் அவர்கள் வீட்டுத் துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தேன். வெயில் கல்லைவிட்டு நகர்ந்து வேப்பமரத்தில் ஏறியது. அம்மா கடைக்குப் போய் வந்தார். மறுபடி போனார். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. தரையில் காதை வைக்கலாமா என்று தோன்றியது, வைக்கவில்லை.

கடைசியில் அக்கா வெளியே வந்தார். முகத்தைக் கழுவி, பொட்டுகூட வைத்திருந்தார்.

"டப்பா சாமி" என்றார்.

நான் நம்பவில்லை. "நெசமாலுமா?"

"நெசமாத்தான். இந்தாளுக்குக் கத சொல்றதே மறந்துபோச்சு போல. கொற்றன் உள்ள எறங்கறாரு. தண்ணி இருக்குது. பாத்துட்டு மேல வந்தர்றாரு. எல்லாரும் பத்திரமா ஊடு வந்து சேந்துட்டாங்க. ஒண்ணுமே நடக்கல."

"செவியர் எந்திரிக்கலையா?"

"நல்லாத் தூங்கறாங்க. கடைசி வரைக்கும் எந்திரிக்கவே இல்ல."

"கயிறு அறுந்துபோகலையா?"

அக்கா ஒரு கணம் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டார். "புதுக் கயிறு சாமி. எப்படி அறுந்துபோகும்?" என்றார். "அப்பறம் வந்து பருப்புஞ்சோறு நெய்யூத்திச் சாப்படறாங்க. அதயே பத்துப் பக்கம் எழுதி வெச்சிருக்கான். நீ அதயெல்லாம் படிக்க வேண்டாம், தூக்கம் வந்துரும்."

எனக்கு ஏற்பட்ட நிம்மதியை எப்படிச் சொல்வது! ஓடிப்போய் அம்மாவைக் கட்டிக்கொண்டேன். அன்றைக்குத்தான் வெகுநாளுக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டேன். எட்டாம் பாகம் டப்பா, ஆகவே அப்பா வந்துவிடுவார், இதில் சந்தேகத்துக்கே இடமில்லை.

வந்தும்விட்டார். இரண்டு மூன்று நாள் கழித்து ஒரு காலையில் முதல் பஸ்ஸிலிருந்து அப்பாவும் செந்தில் மாமாவும் இறங்கித் தெருவில் நடந்து வந்தார்கள். அங்கே முன்கூட்டியே மழை பிடித்து, பாலம் அடித்துக்கொண்டு போய், போன் கம்பிகளெல்லாம் சாய்ந்து கிடந்தனவாம். அம்மா பையை வாங்கித் திறந்தார், பாறைத் தூளின் வாசம் வந்தது, அதன் பிறகுதான் உட்கார்ந்து அழுதார். அப்பா திரும்பத் திரும்ப, "ஒண்ணும் நடக்கல, ஒண்ணும் நடக்கல" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கவிழ்ந்தது வேறு வண்டி. ஆனால் அதுவும் எங்கள் பக்கத்து ஊர் வண்டிதான். அன்று சாயங்காலம் அந்த ஊருக்குத் துக்கம் கேட்கப் போன அப்பா, திரும்பி வந்து நெடுநேரம் கிணற்றடியில் குளித்துக்கொண்டே இருந்தார். அந்த வாரமே அக்காவுக்கு ஆண் குழந்தை பிறந்தது, கார்த்தி.

பிறகு ஒன்பது, பத்து என்று பன்னிரண்டு பாகம் வரை ஆழியூர் ஓடியது. ஒவ்வொன்றையும் அக்காவிடம் கேட்பேன், "வழக்கம்போலத்தான், இழுவ" என்பார். நான் தொடவில்லை. கெட்டுப்போன தொடரைப் படிப்பானேன்? அப்பா சில வருடங்களில் ரிக்கை விட்டுவிட்டுத் தோட்டத்தில் மரவள்ளிக் கிழங்கு போட்டு உட்கார்ந்துவிட்டார், எனக்கும் பயத்தின் தேவை தீர்ந்தது.

இப்போது சேலத்தில் ஒரு பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன். ஃபேர்லேண்ட்ஸில் ஒரு காபிக் கடை மாடியில் மாதம் ஒருமுறை நாங்கள் சில வாசகர்கள் கூடுவோம். போன மாதப் பேச்சு, நீண்டுகொண்டே போகும் மாயக்கதை வரிசைகள் கடைசிப் பாகங்களில் நைந்துபோகின்றனவா என்பது. ஆழியூரைக் கெட்டி அட்டையில் புதிதாகப் போட்டிருப்பதால் எல்லாரும் அதைப் பற்றியே பேசினார்கள். கேட்க வேண்டுமா? நான் எழுந்து பொரிந்து தள்ளினேன். பணத்துக்காக இழுத்த கதை, பயமுறுத்தத் தெரிந்தவருக்குக் கை ஓய்ந்துபோனது, ஏழாம் பாகத்தோடு ஆழியூர் செத்துவிட்டது, எட்டாம் பாகத்தில் ஒன்றுமே நடக்கவில்லை, பத்துப் பக்கம் பருப்புச் சோறு சாப்பிடுகிறார்கள் என்றேன். இத்தனை வருடங்களாக இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்!

எதிரில் ஒரு கல்லூரிப் பெண் என்னைப் பாவமாகப் பார்த்தாள். "எட்டாம் பாகமா மேடம்? கொற்றன் சாகறதே அதுலதாங்களே" என்றாள்.

கூட்டம் சிரித்தது, நானும் சிரித்து வைத்தேன். காபி ஆறிப்போனது.

மறுநாளே வாங்கினேன். பள்ளி விடுமுறையில், பட்டப்பகலில், ஜன்னலெல்லாம் திறந்து வைத்துக்கொண்டு படித்தேன். பருப்புச் சோறு எங்கேயும் இல்லை. கொற்றன் இறங்குகிறார். பாறைக்குள் செவியர் ஒவ்வொருவராக விழிக்கிறார்கள். மேலே கயிற்றைப் பிடித்திருப்பது அவர் மனைவி, அவள் நிறைமாதக் கர்ப்பிணி. கயிறு ஒவ்வொரு புரியாகத் தெறிப்பதை அவள் உள்ளங்கையில் உணர்வதைப் பல பக்கங்களுக்கு எழுதியிருக்கிறார் அந்த மனிதர். நான் புத்தகத்தை இரண்டு முறை கீழே வைத்தேன். அந்த வரிசையிலேயே தலைசிறந்த பாகம் எட்டுதான். மீதி நான்கையும் படித்து முடித்துவிட்டதால் நியாயமாகவே சொல்கிறேன், தேய்மானம் உண்டு, ஆனால் அது ஒன்பதில் தொடங்குகிறது. கொற்றனைக் கொன்ற எழுத்தாளர் அந்தச் சாவைத் தாங்க முடியாமல் ஒரு மாயக் கண்ணாடியைக் கொண்டுவந்து, அதன் வழியாகச் செத்தவர்களையெல்லாம் பேச வைத்துவிடுகிறார். அதன்பிறகு யார் செத்தாலும் நமக்குப் பயமில்லை. பயம் போனதும் கதையும் போய்விட்டது.

என்னை உலுக்கியது அது இல்லை. சாத்திய கதவுக்குப் பின்னால், கணவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லாத நாளில், தன் வயிற்றையும் வைத்துக்கொண்டு ராசாமணி அக்கா அந்தப் பக்கங்களைப் படித்திருக்கிறார். பிறகு முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு, துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்த எனக்காக வெளியே வந்திருக்கிறார்.

அவருக்குப் போன் செய்தேன். இப்போதெல்லாம் கூப்பிட யாரும் கடைக்கு ஓட வேண்டியதில்லை. மளிகைக் கடை இருந்த இடத்தில் செல்போன் ரிப்பேர் பார்க்கிறார்கள், வாடகை நூல் நிலையம் இருந்த மாடியில் அடகுக் கடை நடக்கிறது. துவைக்கிற கல்லை எடுத்துவிட்டு வாஷிங் மிஷினுக்குக் குழாய் இழுத்துவிட்டார்கள். ரிக் மட்டும் போகவில்லை, இன்னும் தூரமாகப் போயிருக்கிறது. கார்த்தி இப்போது ஆப்பிரிக்காவில் குழாய் இறக்கிக்கொண்டிருக்கிறான்.

"நல்லா இருக்கியா சாமி?" என்றார் அக்கா. குரலில் ஒரு சோர்வு இருந்தது.

"நல்லா இருக்கறனுங்க்கா. கார்த்தி பேசறானா?"

"தெனமும் வீடியோவுல வருவான். இந்த வாரம் வரல. அங்க மழையாம், டவர் இல்லையாம். ஒண்ணும் விசேசமில்ல" என்றார்.

எனக்குத் தெரிந்த 'ஒண்ணும் விசேசமில்ல' அது. ஆழியூரைப் புதிதாகப் போட்டிருக்கிறார்கள், வாங்கினேன் என்று பேச்சை மாற்றினேன். அக்கா சிரித்தார்.

"உனக்கு ஒண்ணு தெரியுமா? அந்த எட்டாவது பாகம், நான் அத முழுசாப் படிக்கவே இல்ல. கயிறு தெறிக்க ஆரம்பிக்கற எடத்துல மூடி வெச்சவதான், அதுக்கப்பறம் ஆழியூர்ப் பக்கமே போகல. மீதியெல்லாம் உனக்கு நானாச் சொன்னது" என்றார். "நீ இப்பப் படிச்சிருப்பியே. கடைசீல அந்தக் கொற்றன் என்ன ஆனாரு?"

அவர் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. புத்தகம் என் மடியில் திறந்தபடியே கிடந்தது.

"டப்பாக்கா" என்றேன். "எல்லாரும் பத்திரமா ஊடு வந்து சேந்துட்டாங்க. ஒண்ணுமே நடக்கல."

"கயிறு?"

"ரெண்டு புரிதான் தெறிச்சுது. மீதி புதுக் கயிறுக்கா. அறுந்துபோகவே இல்ல."

"பாரு" என்றார் ராசாமணி அக்கா, "நான் அன்னைக்கே சொன்னனில்ல?"